நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம்

நிலாவரைக் கிணற்றில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்குமாம். இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளை இருக்க முடியாது. அம்மம்மா சொல்லியிருப்பா, இல்லாவிட்டால் பாடசாலைச் சுற்றுலா போன பஸ்ஸில் யாராவது சொல்லியிருப்பார்கள். நிலாவரை இருப்பது புத்தூருக்குப் பக்கத்தில், நவக்கிரியில். கீரிமலை இருப்பது வடகரையில், நகுலேஸ்வரம் கோயிலுக்கு அருகே, அலை வந்து மதிலில் மோதும் இடத்தில். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தூரத்துக்குத் தோட்டமும் வீடும் வீதியும்.

கதை உண்மையா?

"உண்மைதான், எங்கட அப்பப்பா கண்டவராம்" என்று ஒரு பிள்ளை கையை உயர்த்தும். சரி, அப்பப்பா எதைக் கண்டார்? கேணியில் ஓர் எலுமிச்சம்பழம் மிதந்ததைக் கண்டிருப்பார். கோயிலடிக் கேணியில் எலுமிச்சம்பழம் மிதப்பது பெரிய அதிசயமா? ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வரும் ஆயிரக்கணக்கானோரில் யாருடைய தட்டத்திலிருந்தும் அது உருண்டு விழுந்திருக்கலாம். கண்டது பொய்யில்லை. ஆனால் அந்தப் பழம் நிலாவரையில் போட்ட பழம்தான் என்பதற்குச் சாட்சி எங்கே?

பழத்தில் கத்தியால் ஓர் அடையாளம் கீறிவிட்டால்? நல்ல யோசனை. ஆனால் நிலத்துக்கடியில் இருக்கும் துவாரம் பழம் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டுமே. பழம் வரவில்லை என்றால் வழியே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர் வந்திருக்கும், பழம் இடையில் சிக்கியிருக்கும்.

இதே சிக்கல் ஜேர்மனியிலும் இருந்தது. அங்கே டன்யூப் ஆறு ஓரிடத்தில் சுண்ணக்கல் நிலத்துக்குள் இறங்கிக் காணாமற்போகும். ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தள்ளி ஆக் என்ற ஊரில் ஒரு பெரிய ஊற்று பொங்கும். இரண்டும் ஒரே தண்ணீரா என்று வழக்கே நடந்தது. 1877இல் அடொல்ஃப் க்னொப் என்ற அறிவியலாளர் ஆறு இறங்கும் இடத்தில் 10 கிலோ பச்சைச் சாயத்தைக் கொட்டினார். சுமார் 60 மணித்தியாலம் கழித்து ஆக் ஊற்றுத் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது. வாக்குவாதம் முடிந்தது. ஊற்றில் வேறு யாரும் அந்தச் சாயத்தைக் கொட்டியிருக்க வழியில்லை. எவ்வளவு சிறிய துவாரத்துக்குள்ளாலும் சாயம் வந்துவிடும். எலுமிச்சம்பழத்திடம் இல்லாத இரண்டு நல்ல குணங்கள் இவை.

(நீங்கள் போய் நிலாவரையில் சாயம் ஊற்றிவிடாதீர்கள். அதைச் செய்வதற்கு அனுமதி பெற்ற ஆட்களும் பாதுகாப்பான சாயமும் வேண்டும்.)

இப்போது ஒன்று சொல்கிறேன். கடல் ஆராய்ச்சியில் பாதி வேலை அப்பப்பாவின் எலுமிச்சம்பழத்தைப் பற்றிய அதே கேள்விதான். இங்கே ஒதுங்கிக் கிடக்கும் இது எங்கே புறப்பட்டது? எந்த வழியால் வந்தது? அதற்குச் சாட்சி என்ன? இன்று உலகத்துக் கரைகளில் ஒதுங்குவது எலுமிச்சம்பழம் இல்லை, பிளாஸ்டிக். அதனால் கேள்வி இன்னும் அவசரமாகிவிட்டது.

முதலில் நாம் நிற்கும் நிலத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மயோசீன் காலத்தில், ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பி, சங்கு, முருகைக்கற்களின் கூடுகள் படிந்து இறுகிய பாறை இது. மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது மெல்லிய அமிலமாகிவிடும். அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கரைத்துக் கரைத்து, பாண் துண்டுக்குள் இருக்கும் துவாரங்கள்போல அதை ஆக்கிவிட்டது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாததற்குக் காரணம் இதுதான். வழுக்கையாறுகூட மாரிக்கு மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழையின் நல்ல பங்கு நிலத்துக்குள் போய்விடுகிறது.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்கிறது? மிதக்கிறது! கீழே பாறைத் துவாரங்களுக்குள் கடல் நீர் புகுந்திருக்கிறது. அதன் மேலே நன்னீர் மிதக்கிறது. ஒரு லீற்றர் நன்னீரின் நிறை 1,000 கிராம். ஒரு லீற்றர் கடல் நீரின் நிறை ஏறத்தாழ 1,025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசம்தான் எங்கள் கிணறுகளைக் காப்பாற்றுகிறது. நிலாவரையிலும் மேல் தண்ணீர் நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், அதைத் தாங்கக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. நீரிறைக்கும் இயந்திரத்தை விடிய விடிய ஓடவிட்டு மேலே ஒரு மீற்றரைக் குறைத்தால், கீழே 40 மீற்றர் உப்பு மேலெழும். இதை வீட்டில் இயந்திரம் வைத்திருக்கிற சித்தப்பாவுக்கும் சொல்லலாம்.

மிதக்கும் அந்த நன்னீர் கரைக்கு வந்ததும் பாறை வெடிப்புகளால் கடலுக்குள் கசியும். கீரிமலையில் அப்படிக் கசிகிற ஊற்றைத்தான் மதில் கட்டிக் கேணியாக்கியிருக்கிறார்கள். மதிலுக்கு ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் நன்னீர். கீரி முகம் கொண்ட நகுல முனிவரும், குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் இங்கே நீராடி முகம் மாறியதாகப் புராணக் கதை சொல்லும். எனக்கு அந்த ஊற்று அங்கே இருப்பதே போதுமான அதிசயமாகத் தெரிகிறது.

துவாரமுள்ள நிலத்துக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: மழையை வடிகட்டாமல் விழுங்குவதுபோலவே எதையும் விழுங்கும். சுன்னாகத்தில் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை உங்கள் அம்மா அப்பா மறந்திருக்க மாட்டார்கள். அது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2019இல். அதே ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எங்கள் நிலத்தைப் போலவே துவாரமுள்ள சுண்ணக்கல் நிலத்தில் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் 17 மாதிரிகள் எடுத்திருந்தார்கள். 16இல் நுண்பிளாஸ்டிக் இருந்தது. நுண்பிளாஸ்டிக் என்றால் 5 மில்லிமீற்றருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்கு. அங்கே கிடைத்தவை இழைகள். நைலோன், பொலியெஸ்டர் துணிகளைத் தோய்க்கும்போது கழன்று போகிற வகை. ஆகவே பிளாஸ்டிக் கடலுக்குப் போக ஆறு கட்டாயம் வேண்டும் என்றில்லை. கிணற்றடியில் தோய்த்த தண்ணீருக்கும் ஒரு வழி இருக்கிறது.

இனிக் கடலுக்குள் இறங்குவோம்.

1992 ஜனவரி 10ஆம் திகதி. ஹொங்கொங்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு கப்பல் பசிபிக் கடலின் நடுவே புயலில் அகப்பட்டது. சில கொள்கலன்கள் கடலில் விழுந்தன. ஒன்றுக்குள் குழந்தைகள் குளிக்கும்போது விளையாடும் பொம்மைகள் 28,800 இருந்தன: மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை. பெட்டிகள் கிழிந்து எல்லாம் மிதக்கத் தொடங்கின. அந்த வருடக் கடைசியில் அலாஸ்காவின் சிற்கா கரையில் முதல் பொம்மைகள் ஒதுங்கின. கேர்டிஸ் எப்ஸ்மேயர் என்ற கடலியலாளருக்கு இது பெரும் கொண்டாட்டம். புறப்பட்ட இடம் தெரியும், நாள் தெரியும், எண்ணிக்கையும் தெரியும். கரையில் நடப்பவர்களிடம் "வாத்தைக் கண்டால் எனக்கு அறிவியுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். வந்த தகவல்களை வைத்து வட பசிபிக் நீரோட்டம் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ மூன்று ஆண்டு எடுக்கும் என்று கணக்கிட்டார். டன்யூப் ஆற்றுச் சாயத்தின் வேலையைக் கடலில் வாத்துகள் செய்துவிட்டன.

எங்கள் கடலுக்கு இன்னொரு விசேடம் உண்டு. பசிபிக் நீரோட்டம் ஒரே பக்கமாகச் சுற்றும். இந்து சமுத்திரத்தின் வடபாதியில் காற்றோடு சேர்ந்து நீரோட்டமும் வருடத்துக்கு இரண்டு தடவை திசை மாறும். இதை எங்கள் கடற்றொழிலாளருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து அடிப்பது சோளகம். கார்த்திகை, மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டங்களைத் தூக்கிப் பிடிக்கும் காற்று. வாடைக்காலத்தில் மூங்கிலால் கட்டிய, குடிசைபோல் கூரை வைத்த தெப்பங்கள் சில வேளை வடமராட்சிக் கரையில் வந்து ஒதுங்கும். "மர்ம வீடு" என்று பத்திரிகையில் படம் வரும். மர்மம் ஒன்றும் இல்லை. அவை வங்காள விரிகுடாவைத் தாண்டி மியான்மர்ப் பக்கத்திலிருந்து வாடையோடு வந்தவை. ஒரு வீடே வருகிறதென்றால் போத்தல் மூடி வராதா?

சோளகக் கதை இதைவிடப் புதியது. 2025 மே 25ஆம் திகதி எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் கேரளத்தின் ஆலப்புழைக் கரைக்கு அப்பால் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். 640 கொள்கலன்களைக் காப்பாற்ற முடியவில்லை. சிலவற்றுக்குள் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பயற்றம்பருப்பு அளவில், வெள்ளையாக, பார்க்க அழகாக இருக்கும். வாளி, கதிரை, போத்தல் மூடி எல்லாம் செய்வதற்கான மூலப்பொருள் இது. தொழிற்சாலையில் உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். சில நாளில் திருவனந்தபுரம் கரையெல்லாம் மணி. பிறகு கன்னியாகுமரி. பிறகு தனுஷ்கோடி. ஜூன் நடுப்பகுதிக்குள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரைகளிலும் மணிகள் ஒதுங்கிய செய்தி வந்துவிட்டது. கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆலப்புழைக்கு அப்பாலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றித் தீவகம் வரை கடல்வழி ஏறத்தாழ 500 கிலோமீற்றர். வந்துசேர 20 நாள் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 25 கிலோமீற்றர். மணித்தியாலத்துக்கு ஒரு கிலோமீற்றர். நீங்கள் பள்ளிக்கு நடக்கும் வேகத்தில் கால்வாசிகூட இல்லை! ஆனால் மணி நித்திரை கொள்வதில்லை, சாப்பிட நிற்பதில்லை, அதனிடம் யாரும் கடவுச்சீட்டும் கேட்பதில்லை.

"அப்ப கீரிமலைக்கும் நிறைய வந்திருக்குமோ?" என்று கேட்பீர்கள். உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். கீரிமலை வடக்கைப் பார்த்த கரை. சோளகம் அதற்கு முதுகுப் பக்கத்துக் காற்று. மிதப்பதைக் கரையிலிருந்து வெளியே தள்ளும். வாடை நேரே முகத்தில் அடிக்கும். மிதப்பதைக் கரைக்குக் கொண்டுவரும். ஆகவே ஒரே கரையில் ஆனியிலும் மார்கழியிலும் எண்ணினால்தான் விடை தெரியும். ஒரு நாள் சுத்தம் செய்து படம் எடுத்துக்கொண்டு போனால் கரை சுத்தமாகும், நல்ல காரியம்தான், அறிவியல் ஆகாது.

பிளாஸ்டிக் மணியைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நாடு இலங்கைதான். நாம் கேட்டு வாங்கிய பெருமை அல்ல அது. 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நின்ற எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. பல நாள் எரிந்து ஜூன் 2ஆம் திகதி மூழ்கியது. அதிலிருந்த 1,486 கொள்கலன்களில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணி. ஒரு மணியின் நிறை 20 மில்லிகிராம் என்று வைத்துக் கணக்குக் கொப்பியில் போட்டுப் பாருங்கள்: 8,400 கோடி மணி வரும். இவ்வளவு மணி ஒரே தடவையில் கடலில் கொட்டியது அதற்குமுன் எங்கும் நடக்கவில்லை. நீர்கொழும்புப் பக்கத்துக் கரைகளில் படையினர் மண்வெட்டியால் அள்ளினார்கள்.

அப்போது ஆஷா டி வோஸ் என்ற இலங்கைக் கடலுயிரியலாளர் வேறொன்றும் செய்தார். நீலத்திமிங்கிலங்களை ஆராய்பவர் அவர். ஓஷன்ஸ்வெல் என்ற அமைப்பைத் தொடங்கியவர். கரையில் கிடந்த மணிகளை மாதிரிக்காக எடுத்து, அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலியல் நிலைய விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஆராய்ந்தார். எல்லா மணியும் வெள்ளையாக இல்லை. சில அரைகுறையாகக் கருகியிருந்தன. சில உருகி ஒட்டி, கடற்கரைக் கல்லுப்போல் ஆகியிருந்தன. கல் என்று நினைத்துச் சுத்தம் செய்பவர்கள் விட்டுவிட்டுப் போகக்கூடிய துண்டுகள். கையில் எடுத்தால் எளிதில் நொறுங்கும். அவற்றுக்குள் இருந்த வேதிப்பொருட்களின் கலவை எரியாத மணியில் இருந்ததைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிக்கலானது. எல்லோரும் துப்புரவு செய்துகொண்டிருந்த நேரத்தில் கொஞ்சத்தை எடுத்துப் பெயரும் திகதியும் எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அள்ளிக்கொண்டு போன பிறகு சாட்சி எங்கே கிடைக்கும்? எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது.

மணி யாருக்கு என்ன செய்கிறது? அது வெறும் பிளாஸ்டிக் மட்டும் என்றால் பிரச்சினை பாதியாகிவிடும். கடலில் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள நஞ்சுகள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். டோக்கியோவைச் சேர்ந்த ஹிதெஷிகே தகடா குழுவினர் 2001இல் இதை அளந்தார்கள். பிசிபி என்ற நஞ்சு சுற்றியுள்ள கடல் நீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு வரை மணியில் சேர்ந்திருந்தது. 2005இல் தகடா உலகத்து மக்களைப் பார்த்து ஒரு வேண்டுகோள் விட்டார்: உங்கள் கரையில் நூறு இருநூறு மணி பொறுக்கி, அலுமினியத் தாளில் சுற்றி, இடமும் திகதியும் எழுதித் தபாலில் அனுப்புங்கள். பல நாடுகளிலிருந்து கடித உறைகள் வந்தன. மாணவர், ஆசிரியர், ஓய்வுபெற்ற ஆட்கள் பொறுக்கிய மணியிலிருந்து உலகக் கடற்கரைகளின் நஞ்சுப் படம் ஒன்று உருவானது. நெடுநாள் கடலில் கிடந்து மஞ்சளாகிப்போன மணிகளில் நஞ்சு அதிகம் இருந்தது. மணியைக் கையுறை இல்லாமல் எடுக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

ஆமைக்குக் கையுறை இல்லை. பாக்கு நீரிணையில் சாதாளை மேயும் பேராமை பொலித்தீன் பையை ஏன் விழுங்குகிறது? பை சொறி மீன்போல் தெரிகிறது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அது முழு விடை இல்லை. 2020இல் அமெரிக்காவில் 15 பெருந்தலை ஆமைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். தொட்டிக்கு மேலே குழாயால் மணங்களை அனுப்பினார்கள். புதிய பிளாஸ்டிக்கின் மணத்தை ஆமைகள் பொருட்படுத்தவில்லை. கடலில் ஊறிப் பாசியும் நுண்ணுயிரும் படிந்த பிளாஸ்டிக்கின் மணம் வந்ததும், சாப்பாட்டு மணத்துக்குச் செய்வதுபோலவே மூக்கை நீருக்கு மேலே நீட்டி நின்றன. கண் மட்டும் ஏமாறவில்லை, மூக்கும் ஏமாறுகிறது.

இனி உங்கள் முறை. அடுப்படியில் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை.

மூன்று கண்ணாடித் தம்ளர் எடுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். அடுத்ததில் கடல் தண்ணீர். கடல் தூரம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்பு. மூன்றாவதில் உப்பைப் போட்டுப் போட்டுக் கலக்குங்கள், இனிக் கரையாது என்று அடியில் தங்கும் வரை. ஆனையிறவு உப்பென்றால் இன்னும் விசேடம். பிறகு பிளாஸ்டிக் பொருட்களின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைத் தேடுங்கள். 2 அல்லது 5 உள்ள மூடி ஒன்று, 1 உள்ள தண்ணீர்ப் போத்தல் ஒன்று, 6 உள்ள யோகட் கோப்பை ஒன்று. பெரியவர் ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொன்றிலும் நகத்தளவு துண்டு வெட்டிவாங்குங்கள். கரண்டியால் நீருக்குள் அமுக்கிவிடுங்கள். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் விடை பொய்க்கும்.

மூடித்துண்டு மூன்று தம்ளரிலும் மிதக்கும். போத்தல் துண்டு மூன்றிலும் தாழும். யோகட் கோப்பைதான் வேடிக்கை: கிணற்று நீரில் தாழும், கடல் நீரிலும் மெல்லத் தாழும், மூன்றாவது தம்ளரில் மிதக்கும். அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.05. கடல் நீர் 1.025. உப்பு நிரம்பிய நீர் ஏறத்தாழ 1.2. நன்னீரைக் கடல் நீர்மேல் மிதக்கவிடும் அதே விதிதான் கோப்பைத் துண்டை எங்கே நிறுத்துவது என்றும் முடிவு செய்கிறது. ஆய்வுகூடங்களில் கடற்கரை மணலிலிருந்து நுண்பிளாஸ்டிக்கைப் பிரிப்பதும் இந்த மூன்றாவது தம்ளர் முறையில்தான். மணலை உப்பு நிரம்பிய நீரில் கலக்கினால் மணல் கீழே போகும், பல வகைப் பிளாஸ்டிக் மேலே வரும்.

போத்தல் துண்டு தாழ்ந்ததைக் கவனித்தீர்களா? மூடியோடு முழுதாக இருக்கும் போத்தல் காற்றின் உதவியால் மிதக்கும். உடைந்தால் அடிக்குப் போய்விடும். ஆகவே கரையில் நாம் எண்ணுவது மிதந்தவற்றை மட்டும்தான். கீழே கிடப்பதைச் சுழியோடிகளும் ஆராய்ச்சிக் கப்பல்களும் பார்க்க வேண்டும்.

கரையில் எண்ணுவதற்குக் கீரிமலை அவ்வளவு வசதியில்லை, கல்லும் பாறையும். மேற்கே கொஞ்சம் போனால் சேந்தாங்குளத்தில் நல்ல மணல். ஆசிரியரோடு போங்கள். சாதாளை வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பிடியுங்கள். அலை கடைசியாக ஏறிய இடம் அதுதான். அந்தக் கோட்டில் ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலத்துக்குக் கயிற்றால் சதுரம் போடுங்கள். எந்த இடத்தில் போடுவது? குப்பை கூடிய இடத்துக்குக் கண் தானாகப் போகும், போகவிடாதீர்கள். கோட்டை இருபது பங்காக்கித் திருவுளச்சீட்டு எடுங்கள். விழுந்த இலக்கத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அங்கேதான் பார்க்க வேண்டும். "பூச்சியம்" என்று எழுதுவதும் ஒரு தரவு. மேல் மணலை விரற்கட்டை ஆழத்துக்கு அள்ளி அரிதட்டில் அரித்து, மணி, துண்டு, இழை, ரெஜிபோம் என்று வேறாக்கி எண்ணுங்கள். திகதி, காற்றின் திசை, மழையா வெயிலா, எல்லாம் கொப்பியில் ஏற வேண்டும். ஊசி, கண்ணாடி தொடக்கூடாது. துருப்பிடித்த இரும்புப் பொருள் எதுவானாலும் கிட்டப் போகாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். எங்கள் வடகரையில் பல வருடம் போர் நடந்தது; அது வெடிபொருளாகவும் இருக்கலாம்.

விஞ்ஞானிகள் இன்னொரு தந்திரமும் செய்வார்கள். மாதிரியை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது பக்கத்தில் சுத்தமான தண்ணீர் உள்ள ஒரு தட்டைத் திறந்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தட்டையும் பார்ப்பார்கள். அதற்குள்ளும் இழைகள் விழுந்திருக்கும்! பார்ப்பவரின் சேர்ட்டிலிருந்து பறந்தவை. அந்த எண்ணிக்கையைக் கணக்கில் கழித்துவிடுவார்கள். நுண்பிளாஸ்டிக் ஆய்வுகூடத்தில் பருத்தி உடுப்புக்கு மரியாதை அதிகம். வேட்டி கட்டிக்கொண்டு போனால் வாசலில் வரவேற்பார்கள் என்று நினைக்கிறேன்.

கரையில் பெரிய பொருள் அகப்பட்டால் துப்பறியும் வேலை இன்னும் சுவையானது. பொதியில் கறுப்புக் கோடுகளுக்குக் கீழே உள்ள இலக்கங்களில் முதல் மூன்றைப் பாருங்கள். 479 இலங்கை, 890 இந்தியா, 955 மலேசியா, 885 தாய்லாந்து, 883 மியான்மர், 899 இந்தோனேசியா. ஆனால் அது கம்பனி எந்த நாட்டில் பதிந்தது என்றுதான் சொல்லும். வாங்கியவர் யார், எறிந்தவர் யார் என்று சொல்லாது. எங்கள் கடைகளில் விற்கும் எத்தனை சாமானில் 890 இருக்கிறது! அடுத்து, கொட்டலசு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கப்பலின் அடியில் ஒட்டி வளருமே, அது. கடலில் மிதக்கும் பொருளில் ஒட்டிச் சில கிழமைக்குள் விரற்கடை அளவு வளர்ந்துவிடும் வகைகள் உண்டு. 2014இல் காணாமற்போன மலேசிய விமானத்தின் இறக்கைத் துண்டு 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கியபோது, விஞ்ஞானிகள் அதில் ஒட்டியிருந்த கொட்டலசையும் எடுத்து ஆராய்ந்தார்கள்.

இதோ இந்த மாதப் புதிர். மார்கழி மாதம், வாடை நாலு நாளாக அடிக்கிறது. கீரிமலைக் கரையில் ஒரே வரிசையில் மூன்று பொருட்கள் கிடக்கின்றன. முதலாவது, 890இல் தொடங்கும் ஷாம்பூப் போத்தல். எழுத்தெல்லாம் புத்தம் புதிது, கொட்டலசு ஒன்றுகூட இல்லை. இரண்டாவது, 899இல் தொடங்கும் போத்தல்; எழுத்து வெளிறியிருக்கிறது, ஒரு பக்கம் முழுக்கக் கொட்டலசு. மூன்றாவது, இலக்கமே இல்லாத, மஞ்சளாகிப்போன ஒரு பிளாஸ்டிக் மணி. எது நெடுந்தூரம் வந்தது? எது அடுத்த சந்திக் கடையில் வாங்கியதாக இருக்கக்கூடும்? மூன்றாவது எல்சா 3 கப்பலில் இருந்து வந்ததா, எக்ஸ்பிரஸ் பேர்ளில் இருந்து வந்ததா, இரண்டும் இல்லையா? அதைச் சொல்ல இன்னும் என்ன சாட்சி வேண்டும்? விடையை எழுதும்போது காரணத்தையும் எழுதுங்கள். வெறும் நாட்டின் பெயருக்குப் புள்ளி இல்லை.